யாளி: யானையை வேட்டையாடும் கற்பனை விலங்கு

மதுரை, காஞ்சிபுரம், வேலூர் என்று எந்த ஊரின் பெரிய கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தாலும், தூண்களில் ஒரு விலங்கு பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கி, பாயப்போகிற நிலையில் நிற்கும். பிடரி மயிரைப் பார்த்துச் சிங்கம் என்று நினைப்போம். முகத்தைப் பார்த்தால் துதிக்கை தொங்கும். வாயோரத்தில் தந்தம் நீட்டிக்கொண்டிருக்கும். கண்கள் பிதுங்கி, புருவம் கொம்பாக வளைந்து, காலில் கூரிய நகங்களோடு நிற்கும் அந்த விலங்குதான் யாளி.

இப்படி ஒரு விலங்கு உலகில் வாழ்ந்ததில்லை. மனிதர்கள் கூட்டிச் சேர்த்துப் படைத்தது இது. ஆனால் 'கற்பனைதானே' என்று சொல்லி நகர்ந்துவிட முடியாதபடி இதற்கு ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. எந்த நிலத்தில் திரியும், எதைத் தின்னும், யாரைத் தாக்கும், அதன் குட்டி எப்படிப்பட்டது என்பதையெல்லாம் சங்கப் புலவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன உடம்பு என்பதைப் பின்னால் வந்த சிற்பிகள் முடிவு செய்தார்கள். குணம் முதலில் வந்தது. உருவம் பிறகுதான் வந்தது. யாளியைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்கள் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. யாளியைப் புரிந்துகொள்ள யானையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழ்நிலத்துக் காடுகளில் மக்கள் கண்ணால் கண்ட விலங்குகளில் யானையை விடப் பெரியது எதுவும் இல்லை. வளர்ந்த களிற்றைப் புலியும் எளிதில் நெருங்காது. அந்த யானையையும் நடுங்க வைக்கும் ஒன்று இருந்தால் அது எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் யாளி. பாட்டிலும் கல்லிலும் யாளி வரும் இடத்தில் பெரும்பாலும் யானையும் இருப்பது இதனால்தான்.

மலையும் மூங்கிலும்

சங்கப் பாடல்களில் இதன் பெயர் பெரும்பாலும் ஆளி. சில இடங்களில் யாளி. இதன் இருப்பிடம் மலை. அருவி விழும் உயர்ந்த மலைச்சரிவுகள், மூங்கில் அடர்ந்த பக்கமலைகள், ஆள் நடமாட்டம் இல்லாத அகன்ற காடுகள். வயல்வெளியிலோ கடற்கரையிலோ யாளி திரிவதாகப் புலவர்கள் பாடவில்லை. யானை எங்கே உண்டோ அங்கேதான் இதற்கும் வேலை.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர், இரவில் மலைவழியே வரும் தலைவனுக்கு என்னென்ன ஆபத்துகள் நேரலாம் என்று ஒரு பட்டியல் தருகிறார். 'அளைச்செறி உழுவையும் ஆளியும் உளியமும்' என்று அது தொடங்கும். குகையில் பதுங்கும் புலி, ஆளி, கரடி. அடுத்து காட்டுமாடும் களிறும் வருகின்றன. பாம்பு, முதலை என்று பட்டியல் இன்னும் நீள்கிறது. முதலையிலேயே மூன்று வகையைப் பிரித்துச் சொல்லும் அளவுக்குக் காட்டையும் நீரையும் தெரிந்த புலவர் அவர். அவ்வளவு உண்மையான விலங்குகளுக்கு நடுவே, எந்தத் தயக்கமும் இல்லாமல் ஆளியையும் சேர்த்துவிடுகிறார். காத்திருக்கிற பெண்ணின் மனத்தில் புலிக்கும் ஆளிக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் அவன் வரும் வழியில் இருக்கின்றன. அச்சத்தைச் சொல்லும் பாட்டில் நேரில் பார்த்த விலங்குக்கும் கேள்விப்பட்ட விலங்குக்கும் ஒரே எடைதான்.

களிற்றின் கொம்புக்குள் இருக்கும் உணவு

யாளி எதைத் தின்னும் என்பதற்கு அகநானூறு 381-ஆம் பாட்டு தரும் விடை எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆண் ஆளி ஒன்று வலிமை மிக்க ஆண் யானை புலம்பும்படி அதைத் தாக்கி, ஏந்திய வெண்கோட்டை, அதாவது வெண்ணிறத் தந்தத்தைப் பிடுங்கி 'குருகு அருந்தும்' என்கிறது பாட்டு. குருகு என்பது இங்கே குருத்து. கொம்பின் உள்ளே இருக்கும் மென்பகுதி. யானையைக் கொன்று அதன் இறைச்சியைத் தின்பதாகப் புலவர் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய உடலை விட்டுவிட்டு, கொம்பைப் பிடுங்கி அதன் உள்ளிருப்பதை உண்ணும் விலங்கு அது.

இது வெறும் மிகைப்படுத்தல் என்று தோன்றலாம். யானையின் தந்தம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் வியப்பு வரும். தந்தம் என்பது மேல்தாடையில் நீண்டு வளர்ந்த வெட்டுப்பல். வெளியே தெரிவது கெட்டியான பகுதி. தந்தத்தின் ஒரு பெரும்பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். அந்த அடிப்பகுதியில் உட்குழிவு உண்டு. அந்தக் குழிவை நரம்பும் இரத்த நாளங்களும் கொண்ட மென்திசு நிரப்பியிருக்கும். வேரோடு பிடுங்கினால்தான் அது கிடைக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்தால் கிடைக்காது. 'வாங்கி' என்றும் 'புய்க்கும்' என்றும் பாட்டுகள் பிடுங்குவதைத்தான் சொல்கின்றன. தந்தத்தை அறுத்தெடுத்துப் பழகிய மலைமக்களின் அறிவு இந்த வரிகளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாத ஒரு விலங்கின் உணவை, இருக்கிற ஒரு விலங்கின் உடற்கூற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆசிய யானைகளில் நீண்ட தந்தம் ஆணுக்குத்தான் உண்டு. பெண் யானைக்குப் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் வெளியே தெரியாத சிறு பல்தான். யாளி வீழ்த்தும் யானையைப் பாடல்கள் களிறு என்றோ, வெண்கோடு உடையது என்றோதான் சொல்கின்றன. கொம்பின் குருத்துதான் உணவு என்றால் இரை கொம்புள்ள யானையாகத்தானே இருக்க முடியும்? புலவர்கள் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கணக்கு பிசகாமல் இருக்கிறது.

காட்டில் யார் யாருக்கு அஞ்ச வேண்டும் என்ற வரிசையும் தெளிவாக இருக்கிறது. நற்றிணை 205-இல் ஒரு களிறு தன் கூரிய கொம்பால் புலியைக் கொன்றிருக்கிறது. புலியை வென்ற அந்தக் களிற்றை, வேட்டைக்குக் கிளம்பிய ஆளி இழுத்துக்கொண்டு போகிறது. அகநானூறு 252-இல் ஆளி வருவதைக் கண்டு நடுங்குவது புலி. அதுவும் சாதாரணப் புலி இல்லை. தான் அடித்த இரை இடப்பக்கம் விழுந்தால் தொடாது, வலப்பக்கம் விழுந்தால்தான் உண்ணும் என்ற பழைய நம்பிக்கைக்குரிய மானமுள்ள புலி. அப்படிப்பட்ட புலி நடுங்க, ஆளி யானையின் புள்ளி படர்ந்த முகத்தில் அறைந்து வெண்கோட்டைப் பிடுங்குகிறது. யாளியின் பெருமையை அதன் உடலளவைச் சொல்லி விளக்கப் புலவர்கள் முயலவே இல்லை. அதற்கு யார் அஞ்சினார்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

அச்சத்தைக் காட்டுவதில் எல்லாவற்றையும் மிஞ்சியது அகநானூறு 78. நக்கீரர் பாடியது. அதில் யாளி நேராக வருவதே இல்லை. அகன்ற காட்டில் ஆளிக்கு அஞ்சிய களிறு தன் கூட்டத்தைக் கூட்டிச் சேர்க்கிறது. மதநீர் வாயில் வழிய, வண்டுகள் மொய்க்கும் பெருங்களிறு அது. அதற்கே அந்த அச்சம். சொரசொரப்பான பெரிய துதிக்கையால், முதல் சூல் கொண்ட தன் பிடியை அது அணைத்துக்கொள்கிறது. அணைப்புக்குள் இருந்தபடியே அந்தப் பிடி நடுங்குகிறது. நாம் பார்ப்பது இரண்டு யானைகளை மட்டும்தான். ஆனால் இருட்டுக்குள் எங்கோ நிற்கும் மூன்றாவது விலங்கை மறக்க முடிவதில்லை.

குட்டியைப் பற்றியும் தகவல் இருக்கிறது. பொருநராற்றுப்படை கரிகாலனின் இளமை வெற்றியைப் பாடும்போது ஆளிக்குட்டியை உவமையாக்குகிறது. இன்னும் தாய்ப்பாலை மறக்காத குருளை, தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதுபோல, வெண்ணிப் போரில் இரண்டு பெருவேந்தரை ஒரே களத்தில் வீழ்த்தினான் என்கிறது. யாளி குட்டிபோட்டுப் பால் கொடுக்கும் விலங்கு என்பதும், வேட்டையைக் கற்றுக்கொள்ள அதற்குப் பருவம் தேவையில்லை என்பதும் இங்கே தெரிகிறது. பெரும்பாணாற்றுப்படையோ ஓசையின் வழியாக இதைக் காட்டுகிறது. யாளி தாக்கியதும் யானைக்கூட்டம் மொத்தமாகப் பிளிறுமே, அப்படி இரைச்சலிட்டுக்கொண்டிருந்தனவாம் தொண்டைநாட்டுக் கரும்பாலைகள். ஊரில் நின்று ஆலைச் சத்தத்தைக் கேட்கிற ஒருவருக்கு மலையில் நடக்கும் வேட்டை நினைவுக்கு வருகிறது என்றால், யாளி எந்த அளவுக்குப் பொதுப்பேச்சில் புழங்கிய விலங்காக இருந்திருக்க வேண்டும்!

இத்தனை சொன்னவர்கள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மேலே சொன்ன பாடல்களில் யாளிக்குத் துதிக்கை இருப்பதாக ஒரு வரி கிடையாது. தந்தம் இல்லை, நிறம் இல்லை, உயரமும் இல்லை. ஆளி என்பது சிங்கமாகவே இருக்கலாம் என்று கருதுவோர் இருப்பதற்கு இதுவே காரணம். பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதை மறுக்கவும் முடியாது.

கல்லில் வந்த உடம்பு

உருவத்தைத் தேடினால் கோயில்களுக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் கிடைக்கும் கல் யாளிகளின் கதை பல்லவர் காலத்தில் தொடங்குகிறது. மாமல்லபுரத்துக் குகைகளில் தூண்களின் அடியில் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவை எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டன. ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்தக் கோயிலின் சுவர்களில் திரும்பும் இடமெல்லாம் பின்னங்காலில் நிற்கும் விலங்குகள்தான். மணற்கல் என்பதால் பல முகங்கள் தேய்ந்துவிட்டன. ஆனாலும் அந்த எழுச்சி இன்னும் தெரிகிறது.

இங்கே ஒரு நடைமுறை உண்மையைச் சொல்ல வேண்டும். தென்னிந்தியக் காடுகளில் சிங்கம் கிடையாது. ஆசியச் சிங்கங்கள் வடக்கிலும் மேற்கிலும் வாழ்ந்தவை. இன்று குஜராத்தின் கிர் காட்டுப் பகுதியில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தமிழ்ச் சிற்பிக்கு யானை தினமும் கோயில் வாசலில் நின்றது. சிங்கமோ கேள்விப்பட்ட விலங்கு. பார்க்காத விலங்கைச் செதுக்கும்போது கைக்குக் கட்டுப்பாடு இல்லை. பிடரி மயிர் சுருள் சுருளாகப் பூவேலையாக மாறியதும், புருவம் கொம்பானதும், கடைசியில் முகத்தில் துதிக்கை முளைத்ததும் அந்தச் சுதந்திரத்தால்தான் என்று தோன்றுகிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் இருக்கிறது. அங்கே புலிக்குகை என்று எல்லோரும் அழைக்கும் பாறையில் இருப்பவை புலிகள் அல்ல. நடுவில் ஒரு சிறு மேடை; அதைச் சுற்றி வளைவாகப் பதினொரு யாளித் தலைகள், பிதுங்கிய கண்ணும் திறந்த வாயுமாக. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து பாருங்கள். அதே பாறையில் இரண்டு யானைத் தலைகள் செதுக்கப்பட்டிருக்கும். யாளி இருக்குமிடத்தில் யானை இருக்கும் என்ற பழைய வழக்கம் இங்கேயும் மாறவில்லை.

சோழர் காலத்தில் யாளி தன்னந்தனியாக நிற்பதை விட வரிசையாக நிற்பதே அதிகம். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் கோயிலைச் சுற்றிலும் ஒரு பட்டையாக யாளிகள் ஓடும். இதை யாளி வரி என்பார்கள். பட்டையின் முனைகளில் மகரம் என்ற கற்பனை நீர்விலங்கின் தலைகள் வெளியே நீட்டும். விமானத்தை அண்ணாந்து பார்க்கிற அவசரத்தில் பெரும்பாலோர் இதைப் பார்ப்பதில்லை. படிக்கட்டுகளின் இருபக்கமும் இதே விலங்கு வேறு வேலைக்குப் போயிருக்கும். மேலே யாளித் தலை; அதன் துதிக்கை நீண்டு, சரிந்து, கீழே வந்து சுருண்டு முடியும். அந்தத் துதிக்கைதான் படியின் கைப்பிடிச் சுவர். சுருள் யாளி என்று சொல்வார்கள். தாராசுரத்தில் இதன் அழகான வடிவங்களைக் காணலாம்.

யாளி முழு உயரத்துக்கு வளர்ந்தது விஜயநகர, நாயக்கர் காலங்களில். 15-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பெரிய பெரிய திருவிழா மண்டபங்கள் எழுந்தன. அவற்றின் முன்வரிசைத் தூண்கள் ஆளுயரத்தைத் தாண்டிய யாளிகளாகவும் குதிரைவீரர்களாகவும் மாறின. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம், காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம், மதுரை மீனாட்சி கோயிலின் ஆயிரங்கால் மண்டபம், திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் ஆகியவை யாளி பார்க்கப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடங்கள்.

ஒரு தூணைக் கீழிருந்து மேலே படிப்பது

நாயக்கர் காலத்து யாளித் தூண் ஒன்றின் முன்னால் நின்றால், கண்ணை முதலில் தரைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சின்ன யானை இருக்கும். முழங்கால் மடங்கி, துதிக்கையை மேலே தூக்கி, மேலிருப்பதன் எடையைத் தாங்கமுடியாமல் தாங்கிக்கொண்டிருக்கும். யானையைச் சின்னதாகச் செதுக்கியது தெரிந்தே செய்தது. நாம் அளவு அறிந்த ஒரே விலங்கு அதுதான். அது இவ்வளவு சிறுத்துப்போனால் மேலே நிற்பதன் அளவை நம் மனமே கணக்கிட்டுக்கொள்ளும். சில தூண்களில் யானைக்குப் பதில் மகரம் இருக்கும். சிலவற்றில் வாளும் கேடயமும் ஏந்திய வீரர்கள் காலடியில் நெருக்கியடித்து நிற்பார்கள்.

அந்த யானையின் தலைமேல் யாளியின் பின்னங்கால்கள். ஒவ்வொரு விரலிலும் வளைந்த நகம். இடுப்பு சிங்கத்துக்குரிய ஒட்டிய இடுப்பு. மார்பு முன்தள்ளி, கழுத்தில் மணிகள் கோத்த சங்கிலி. முதுகில் ஒரு வீரன் கடிவாளத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. யானையை அடக்கிய யாளியையே அடக்கும் ஒருவன். மன்னர்களுக்கு இந்தச் சிற்பம் ஏன் அவ்வளவு பிடித்தது என்பது அந்த வீரனைப் பார்த்தாலே புரியும். இன்னும் மேலே போனால் வாய், பல்வரிசை, தந்தம். துதிக்கை வளைந்து இறங்கி, கீழே இருக்கும் யானையின் துதிக்கையைத் தேடிப்போகும். சில தூண்களில் இரண்டும் பின்னிக்கொண்டிருக்கும்.

இப்போது பக்கவாட்டில் வந்து நின்று பாருங்கள். கூரையைத் தாங்கும் சதுரத் தூண் பின்னால் இருக்கிறது. யாளி அதன் முன்னால் எழும்பி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே பல இடங்களில் வெளிச்சம் புகும். ஆனால் தூண், யாளி, யானை, வீரன் எல்லாமே ஒரே கல். தனித்தனியாகச் செய்து ஒட்டியதல்ல. வேண்டாத கல்லை எடுத்தெடுத்துக் கடைசியில் மிஞ்சியதுதான் இந்தக் கூட்டம். கருங்கல்லில் ஒரு துதிக்கை உளி தவறி முறிந்தால் அதைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. பல மண்டபங்களில் யாளிகளின் துதிக்கையும் தந்தமும் முறிந்து மூளியாக நிற்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. எத்தனை உளியடிகளைத் தாண்டி வந்தது, யார் கைபட்டு ஒடிந்ததோ.

வாயையும் விட்டுவிடாதீர்கள். சில யாளிகளின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும். உருளும், ஆனால் வெளியே வராது. பல்லிடுக்கை விட உருண்டை பெரியது. வெளியிலிருந்து உள்ளே போட்டதாக இருக்க முடியாது என்பதால் இதில் ஏதோ மாயம் என்று சிலர் சொல்வார்கள். மாயம் இல்லை, பொறுமைதான். வாயைக் குடையும்போதே உள்ளே ஒரு கல்கட்டியை விட்டுவைப்பார்கள். பற்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் வழியாக மெல்லிய உளியை நுழைத்து, எல்லாப் பக்கமும் அதை உருண்டையாக்கிக்கொண்டே வருவார்கள். கடைசியாக வாயோடு அதை இணைத்திருக்கும் சிறு கல்லை வெட்டிவிட்டால் உருண்டை தனியாகிவிடும். அந்தக் கடைசி வெட்டில் ஒரு பல் உடைந்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. விரல் விட்டு உருட்டிப் பார்க்க ஆசை வருவது இயல்பு. தயவுசெய்து வேண்டாம், நூற்றாண்டுகளாக அந்த ஆசையே பல வாய்களைச் சிதைத்திருக்கிறது.

வகைகளும் உறவுகளும்

எல்லா யாளிக்கும் துதிக்கை இருக்காது. முகத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். சிங்கமுகம் என்றால் சிம்ம யாளி. யானைமுகம் என்றால் கஜ யாளி; நாயக்கர் மண்டபங்களில் அதிகம் காண்பது இதுதான். குதிரைமுகம் உள்ளது அஸ்வ யாளி, மனிதமுகம் உள்ளது நர யாளி. உடல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய சிங்கத்தினுடையதே.

புதிதாகப் பார்க்கிறவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது மகரத்தோடு. மகரம் நீர்விலங்கு. முதலையின் வாயும் யானையின் துதிக்கையும் சேர்ந்த முகம். பின்பகுதி கொடியும் பூவுமாகச் சுருண்டு விரிந்துவிடும். சுவாமிக்கு மேலே வளையும் தோரணத்தின் இரு முனைகளிலும் இருக்கும். மகர தோரணம் என்ற பெயரே அதனால்தான். யாளியோ தரைவிலங்கு. நகமுள்ள நான்கு கால்களைத் தேடுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். சரபம் வேறு: சிங்கத்தோடு பறவைச் சிறகு சேர்ந்தது, திருபுவனம் கோயிலில் சரபேசுவரராக வழிபடப்படுவது.

சிங்கமும் யானையும் கலந்த விலங்கு தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. சமஸ்கிருதச் சிற்ப நூல்கள் இந்த இனத்தை வியாளம் என்கின்றன. கஜுராஹோவின் சுவர்களில் தெய்வச் சிலைகளுக்கு இடையே இடையே இதைக் காணலாம். கோனார்க்கில், 13-ஆம் நூற்றாண்டுச் சூரியன் கோயிலின் வாசலில், சிங்கம் யானையை அமுக்க, யானை மனிதனை அமுக்கும் சிலைகள் நிற்கின்றன. கர்நாடக அரசின் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்பவை யானைத் துதிக்கை கொண்ட சிங்கங்கள். நடுவில் இருக்கும் இருதலைப் பறவை கண்டபேருண்டம். கடல் தாண்டினால் வியட்நாமின் சம்பா நாட்டுச் சிற்பங்களில் கஜசிம்மம் இருக்கிறது. தாய்லாந்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் சின்னமும் கஜசிம்மம்தான். ஆனால் களிற்றின் கொம்பைப் பிடுங்கிக் குருத்தைத் தின்னும் பழக்கத்தோடு, பால்மறவாக் குட்டியோடு, காட்டில் உயிருள்ள ஒன்றாக இதை வளர்த்தெடுத்ததில் சங்கப் பாடல்களுக்குத் தனி இடம் உண்டு.

உண்மையிலேயே இருந்ததா?

'யாளி ஒரு காலத்தில் வாழ்ந்து அழிந்த விலங்கு. கடல்கொண்ட குமரிக்கண்டத்தில் திரிந்தது' என்று அவ்வப்போது செய்திகள் சுற்றிவரும். நம்பி அனுப்புகிறவர்களின் பெருமிதத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இது சரியல்ல.

எலும்பு இல்லை என்பது முதல் காரணம். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் அழிந்துபோன யானையினங்களின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. துதிக்கையும் தந்தமும் வேட்டை நகமும் சேர்ந்த விலங்கின் ஒரு பல் கூட எங்கும் கிடைக்கவில்லை. யானையின் வாய் தழையையும் பட்டையையும் அரைக்க அமைந்தது. சிங்கத்தின் வாய் இறைச்சியைக் கிழிக்க அமைந்தது. இரண்டும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன வேறு வேறு கிளைகள். அவற்றுக்குள் கலப்பு நடக்காது.

இரண்டாவது காரணத்தைக் கோயில்களிலேயே நாம் சரிபார்த்துக்கொள்ளலாம். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் இருக்கும் யானையையும், ஆயிரம் ஆண்டு கழித்து நாயக்கர் செதுக்கிய யானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் யானை, காதும் காலும் முதுகின் வளைவும் ஒத்துப்போகும். காரணம், இரண்டு சிற்பிகளும் பார்த்தது ஒரே விலங்கை. யாளியை அப்படி வைத்துப் பாருங்கள். பல்லவ யாளி சிங்கத்துக்கு நெருக்கம். சோழ யாளி சின்ன உருவமாகப் பட்டைக்குள் அடங்கியது. நாயக்க யாளிக்கு நீண்ட துதிக்கை. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உடம்பே மாறுகிறது. பார்த்துச் செதுக்கிய விலங்கு என்றால் இப்படி மாறியிருக்காது.

வீணையிலும் வீதியிலும்

யாளி கல்லோடு நின்றுவிடவில்லை. தஞ்சாவூர் வீணையின் ஒரு முனையில் பலாமரத்தில் குடைந்த குடம். மறுமுனையில் கீழ்நோக்கி வளையும் தலை. அந்தத் தலை யாளி. வாய் திறந்து, பல் தெரிய, வண்ணம் பூசப்பட்டு வாசிப்பவரின் இடப்பக்கம் குனிந்திருக்கும். குடம், தண்டி என்ற நீண்ட கழுத்துப் பகுதி, யாளி மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அதை ஏகாந்த வீணை என்கிறார்கள். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த வீணை யாளியின் காலடியில் யானை இல்லை, இது யாரையும் வேட்டையாடுவதும் இல்லை.

திருவிழா நாட்களில் யாளி தோள்களில் ஏறி வீதிக்கும் வரும். காஞ்சி வரதராஜர், ஸ்ரீரங்கம் ரங்கநாதர் போன்ற பெருமாள் கோயில்களில் உற்சவர் எழுந்தருளும் வாகனங்களில் யாளி வாகனமும் ஒன்று.

நேரில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் சாளுவன்குப்பத்தில் தொடங்கினால் நல்லது. திறந்தவெளி, கூட்டம் குறைவு, நின்று நிதானமாகப் பார்க்கலாம். அடுத்து காஞ்சி கைலாசநாதர். தஞ்சாவூருக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அடித்தளத்தைச் சுற்றி ஒரு நடை. மண்டப யாளிகளுக்குக் காலை அல்லது மாலை வெயில் சாய்ந்து விழும் நேரம் ஏற்றது. உச்சிவெயிலில் வெளியே கண் கூசும், உள்ளே உருவங்கள் இருட்டுக்குள் அமிழ்ந்துவிடும். குழந்தைகளை அழைத்துப் போனால் ஒரு வேலை கொடுங்கள்: ஒவ்வொரு யாளியின் காலடியிலும் யானை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.